பாதத்தைப் பாருங்கள்! பாறையேற்ற வீடியோக்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ‘ஃப்ரீ சோலோ’ என்ற பாறையேற்ற ஆவணப்படம் பார்த்ததிலிருந்து என் 14 வயது மகனுக்கு எப்போதும் அதே பேச்சு. கயிறில்லாமல் ஏறுவதுதான் நிஜமான வீரம் என்கிறான். அந்தப் படத்தைக் காட்டியதே தப்போ என்று பயமாக இருக்கிறது. வேறு எந்தப் படத்தைக் காட்டலாம்?

பதில்: முதலில் அதே படத்தை இன்னொரு தடவை, நீங்களும் கூட உட்கார்ந்து பாருங்கள். அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள எல் கேப்பிடன் பாறையில் ‘ஃப்ரீரைடர்’ என்றொரு பாதை, உயரம் ஏறத்தாழ 900 மீட்டர். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் அதைக் கயிறின்றி 3 மணி 56 நிமிடத்தில் ஏறி முடித்தார். பையன் மனதில் பதிந்திருப்பது அந்தக் காலைப்பொழுது மட்டும்தான். படத்தின் பெரும்பகுதியோ அதற்கு முந்தைய உழைப்பு. அதே பாதையில் கயிறு கட்டிக்கொண்டு திரும்பத் திரும்பப் பழகுகிறார், கயிற்றில் இருக்கும்போதே விழுந்து கணுக்காலில் அடிபடுகிறார், கை கால் அசைவுகளை நோட்டில் எழுதிவைத்து மனப்பாடம் செய்கிறார். 2016-இல் கயிறின்றி ஏறத் தொடங்கியவர், கீழ்ப்பகுதியிலேயே மனம் ஒப்பாமல் திரும்பிவிடுகிறார். அந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பையனிடம் பேசுங்கள்.

ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடுங்கள். ‘ஃப்ரீ கிளைம்பிங்’ என்றால் மேலே போவது கை, கால் பலத்தால் மட்டுமே. விழுந்தால் தாங்கக் கயிறு உண்டு. ‘ஃப்ரீ சோலோ’வில்தான் கயிறே கிடையாது. உயரமான பாறைகளில் ஏறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் கயிற்றோடு ஏறுபவர்கள்தான்.

அடுத்து ‘தி டான் வால்’ காட்டுங்கள். அதே எல் கேப்பிடனில் டாமி கால்டுவெல்லும் கெவின் ஜார்ஜசனும் 19 நாட்கள் சுவரிலேயே தொங்கும் கூடாரத்தில் தங்கி, 2015 ஜனவரி 14 அன்று உச்சியை எட்டிய கதை. கால்டுவெல்லுக்கு இடது ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. 2001-இல் மரம் அறுக்கும் இயந்திரத்தில் போனது. ஜார்ஜசன் 15-ஆவது கட்டத்தில் நாட்கணக்கில் மாட்டிக்கொள்கிறார். விரல் நுனித் தோல் கிழிந்துவிடுகிறது. டேப் ஒட்டி, ஓய்வெடுத்து, மறுபடி ஏறி, மறுபடி விழுகிறார். பல காட்சிகள் இரவில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நடப்பதைக் கவனியுங்கள். குளிரில்தான் விரல் வியர்க்காது, காலணி ரப்பரும் பாறையை நன்றாகப் பற்றும். ‘விழுவது இந்த விளையாட்டின் அன்றாட வேலை, அதற்குத்தான் கயிறு’ என்பதைப் பையனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்லும் படம் இல்லை.

கேள்வி: உட்புறச் சுவரில் ஆறு மாதமாக ஏறுகிறேன். பெரிய வீரர்களின் வீடியோ தினமும் பார்க்கிறேன். சுவரில் கை வைத்ததும் எல்லாம் மறந்துபோகிறது. எப்படிப் பார்த்தால் பயன் கிடைக்கும்?

பதில்: நம் கண் தானாகக் கைக்குத்தான் போகும், ஏனென்றால் பரபரப்பு அங்கேதான் நடக்கிறது. கற்றுக்கொள்ள வேண்டியதோ இடுப்புக்குக் கீழே இருக்கிறது. ஒரே ஏற்றத்தை, ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியை அணைத்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்து, மூன்று தடவை பாருங்கள்.

முதல் தடவை பாதம் மட்டும். நல்ல ஏற்றக்காரர் கால்பிடியைப் பார்த்துக்கொண்டே காலை வைப்பார். ரப்பர் பிடியில் பதியும்வரை பார்வையை எடுக்க மாட்டார். புதியவர் பாதி வழியிலேயே மேலே பார்த்துவிடுவார், கால் தட்டித் தடவி இடம் தேடும். பிடியில் படுவது பெருவிரல் முனையா, நடுப்பாதமா என்றும் பாருங்கள். நடுப்பாதத்தை வைத்துவிட்டால் பாதத்தைத் திருப்ப முடியாது. முனையில் நின்றால்தான் உடம்பைச் சுழற்றலாம்.

இரண்டாம் தடவை இடுப்பு. கை நீள்வதற்கு முன் இடுப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். வலது கையும் வலது காலும் மட்டும் பிடியில் இருந்தால், உடம்பு கதவு திறப்பதுபோல் வெளியே சுழலும். அதைத் தடுக்க இடது காலை, பிடி எதுவும் இல்லாவிட்டாலும், வலது காலுக்குப் பின்னால் குறுக்கே நீட்டி எடையைச் சமன் செய்வார்கள். இதற்கு ‘ஃப்ளாகிங்’ என்று பெயர். வெளிச்சாய்வான சுவரில் ஒரு முழங்காலை உள்பக்கம் கீழ்நோக்கி முறுக்கினால் (‘டிராப் நீ’) இடுப்பு சுவரோடு ஒட்டும். எட்டாத பிடி எட்டும். முழங்கால் நோவு உள்ளவர்கள் இதை அவசரப்பட்டுப் போலச் செய்ய வேண்டாம்.

மூன்றாம் தடவை ஓய்வு. எங்கே கையை உதறுகிறார், அப்போது பிடித்திருக்கும் கை நேராக இருக்கிறதா, மடங்கி இருக்கிறதா? நேராக நீட்டிய கையில் எடை எலும்பில் தொங்கும்; மடங்கிய கையில் தசை தாங்கித் தாங்கிச் சோர்ந்துபோகும்.

பார்த்த மூன்றில் ஒன்றை மட்டும் அன்றைய பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். உங்களைவிட ஒரு படி மேலே ஏறுபவரின் வீடியோ, உலக வீரரின் வீடியோவைவிட உதவும். உயரமும் கை நீளமும் உங்களைப் போலவே இருப்பவராகத் தேடுவது இன்னும் நல்லது.

இப்படிப் பார்க்கப் பழகியபின் செக் நாட்டு வீரர் ஆடம் ஓண்ட்ராவின் ‘சைலன்ஸ்’ குறும்படத்துக்கு வாருங்கள். நார்வேயின் ஃப்ளாடாங்கர் குகையில், 2017 செப்டம்பரில் அவர் ஏறிய அந்தப் பாதைதான் உலகில் முதன்முதலாக 9சி என்ற கடினத் தரம் பெற்றது. குகைக் கூரையில் முழங்காலைப் பிளவுக்குள் செருகித் தலைகீழாகத் தொங்கி ஓய்வெடுப்பார். அதைத் தாங்குவதற்கென்றே ஆடுசதையைத் தனியாகப் பலப்படுத்தியிருந்தார். காலைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தப் படம் பொக்கிஷம்.

கேள்வி: கீழே நின்று கயிறு பிடிப்பதை (பிலே) வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. நேரில் கற்றதை மறக்காமல் இருக்க வீடியோ உதவும், அவ்வளவே. இன்னொருவர் உயிர் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் கை செய்யும் தவறைத் திரை திருத்தாது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று கயிற்றின் வால்பகுதியைத் தானும் பிடித்துக்கொண்டு கற்றுத்தர வேண்டும்.

பார்க்கும் வீடியோ நல்லதா என்று சோதிக்கச் சில அடையாளங்கள் உண்டு. பிரேக் பக்கக் கயிற்றை (கருவியிலிருந்து வெளியே வரும், இறுக்கிப் பிடித்துத் தடுக்கும் பகுதி) விட்டுக் கை ஒரு கணமும் விலகக் கூடாது. விலகினால் அந்த வீடியோவை மூடிவிடுங்கள். எட்டு வடிவ முடிச்சு, ஹார்னஸின் (இடுப்பிலும் தொடையிலும் அணியும் பாதுகாப்புப் பட்டை) இடுப்புப் புள்ளி, கால் புள்ளி இரண்டின் வழியாகவும் போக வேண்டும். முடிச்சில் கயிறுகள் எங்கும் குறுக்கிடாமல் இணை இணையாக ஓட வேண்டும். மிஞ்சும் வால், கயிற்றின் தடிமனைப்போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் கயிறென்றால் 10 சென்டிமீட்டர். விழும்போது கயிற்றைத் தானே பூட்டும் கிரிகிரி போன்ற பிலே கருவியில், கயிறு விரைவாகக் கொடுக்கும் அந்த நொடியில் மட்டும் கட்டைவிரல் கேமை (கயிற்றை நசுக்கிப் பிடிக்கும் பாகம்) அழுத்தலாம். எந்நேரமும் அழுத்திக்கொண்டே நின்றால், ஏறுபவர் விழும்போது கருவி பூட்டாது.

பல வீடியோக்கள் காட்டாமல் விடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிலே செய்பவர் பக்கம் கயிற்றின் கடைசி நுனியில் ஒரு முடிச்சு. 60 மீட்டர் கயிறு, மேலே போய்த் திரும்பி வருவதால், 30 மீட்டர் பாதைக்குத்தான் போதும். பாதை 35 மீட்டர் என்றால், இறக்கும்போது நுனி கருவிக்குள் வழுக்கி வெளியே போய்விடும். ஏறியவர் மீதி உயரத்திலிருந்து தரையில் விழுவார். நுனி முடிச்சு இருந்தால் கருவியில் வந்து தடுத்து நிற்கும்.

கேள்வி: காராபினர் (கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கி), துணிப் பட்டை எல்லாவற்றையும் இயந்திரத்தில் இழுத்து உடைக்கும் வீடியோக்களில் ‘22 கேஎன்’ என்கிறார்களே, அது என்ன?

பதில்: கிலோநியூட்டன். ஒரு கேஎன் என்பது சுமார் 100 கிலோ எடை தொங்கும் விசை. சாதாரணக் காராபினருக்கு ஐரோப்பியத் தரம் கேட்பது நீளவாக்கில் குறைந்தது 20 கேஎன். வாய் திறந்திருந்தால் 7. இந்த வித்தியாசம் ஒன்றைப் புரிந்துகொண்டாலே அந்த வீடியோ பார்த்ததற்குப் பலன் உண்டு. ஒரே ஒரு பொருளை உடைத்துவிட்டு ‘இது தாங்கும்’ என்று முடிவு சொல்பவரை நம்பாதீர்கள். மெதுவாக இழுப்பதும், விழும்போது வரும் திடீர் இழுப்பும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். டைனீமா என்ற செயற்கை இழைப் பட்டை அநேகமாக நீளவே நீளாது. அதில் தொய்வு விட்டு, அதன்மேல் விழுவது சின்ன உயரத்திலும் ஆபத்து.

கேள்வி: ஒலிம்பிக் ஏற்றப் போட்டி பார்த்தேன். வேகப் போட்டி தவிர எதுவும் புரியவில்லை.

பதில்: வேகப் போட்டி எளிது. 15 மீட்டர் சுவர், எல்லா இடத்திலும் ஒரே பிடிகள். பாரிஸ் 2024-இல் ஆண்கள் தங்கம் 4.75 விநாடியில் முடிந்தது. அப்போதைய உலக சாதனையான 4.74 விநாடியோ வெண்கலத்துக்கான ஓட்டத்தில் வந்தது.

மற்ற இரண்டும், போல்டரும் (கயிறில்லாமல், மெத்தைக்கு மேல் ஏறும் குட்டைச் சுவர்) லீடும் (கயிற்றோடு ஏறும் உயரச் சுவர்), பாரிஸில் சேர்ந்து ஒரே பதக்கமாக இருந்தன. போல்டரில் 4 புதிர்கள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளி. உச்சி தொடாவிட்டாலும் நடுவில் குறித்த இரு பிடிகளுக்கு 5, 10 என்று கிடைத்தது. லீடில் உச்சி தொட்டால் 100. கடைசிப் பத்துப் பிடிகள் தலா 4 புள்ளி, அதற்குக் கீழே பத்து தலா 3, பிறகு 2, 1. அதனால்தான் உச்சி நெருங்கும்போது ஒரு கை நீட்டல் பதக்கத்தையே மாற்றியது. வீரர்கள் தனி அறையில் அடைக்கப்பட்டு, மற்றவர் ஏறுவதைப் பார்க்காமல் வருகிறார்கள். ஏறுவதற்கு முன் சுவரைப் பார்த்துக் கையைக் காற்றில் ஆட்டுவார்களே, அந்த நிமிடங்களைத் தள்ளி ஓட்டாதீர்கள். நீங்களும் ஒரு திட்டம் போட்டுப் பாருங்கள். ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்லோவேனிய வீராங்கனை யான்யா கார்ன்பிரெட் ஏறும்போது உங்கள் திட்டம் எங்கே தவறியது என்று தெரியும்.

கேள்வி: ஏறப்போகும் பாதையின் வீடியோவை முன்கூட்டியே பார்ப்பது ஏமாற்றா?

பதில்: இல்லை. பார்த்துவிட்டு முதல் முயற்சியிலேயே விழாமல் ஏறினால் ‘ஃப்ளாஷ்’. எதுவும் பார்க்காமல், கேட்காமல் ஏறினால் ‘ஆன்சைட்’. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, பெயரை மாற்றிச் சொல்லாதவரை. ஆனால் ஆன்சைட் வாய்ப்பு ஒரு பாதைக்கு ஒரு தடவைதான். அதைத் திரையில் செலவழிக்குமுன் யோசியுங்கள்.

கேள்வி: என் ஏற்றத்தை நானே படமெடுத்துப் பார்க்க போனை எங்கே வைப்பது?

பதில்: நேர் பின்னால் வைத்தால் முதுகுதான் தெரியும். சுவரிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி, பக்கவாட்டில் சாய்வாக, முக்காலியில் நிறுத்துங்கள். இடுப்புக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி அப்போதுதான் தெரியும். முதல் கால்பிடி முதல் உச்சிவரை சட்டத்துக்குள் இருக்கட்டும். பாதம் வெட்டுப்பட்டால் அந்தப் பதிவு வீண். மெத்தை மேலும், விழும் பாதையிலும் முக்காலி வேண்டாம். போன் ஒருபோதும் பிலே செய்பவர் கையில் இருக்கக் கூடாது. ‘ஒரு நிமிஷம்தான், பிடிச்சுக்கிறேன்’ என்று அவரே சொன்னாலும், தரையிறங்கி, படமெடுக்க மூன்றாவது ஆள் வந்தபின் ஏறுங்கள்.