மைசூரு ஜூ: திம்பம் வழியாக ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி: ஆயுத பூஜை லீவில் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து திம்பம் மலைப்பாதை வழியாகக் காரில் மைசூரு ஜூவுக்குப் போய்விட்டு அன்றைக்கே திரும்பலாமுங்களா? மூட்டு வலி இருக்கிற அம்மிச்சியும் ரெண்டு பொடுசுகளும் கூட வர்றாங்க.

பதில்: போகலாமுங்க, ஆனால் அன்றைக்கே திரும்ப வேண்டாம். வழியில் இருக்கும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால், பண்ணாரி சோதனைச்சாவடியில் காலை 6 மணிக்குப் பிறகுதான் காரை விடுவார்கள். 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர், நஞ்சன்கூடு தாண்டிப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். விலங்குகள் சுறுசுறுப்பாக நடமாடும் நேரம் அதற்குள் பாதி போயிருக்கும். திரும்பும்போதும் இரவு 9 மணிக்குள் காட்டைக் கடந்தாக வேண்டும். முந்தின நாளே போய்த் தங்கி, காலை 8.30க்குக் கதவு திறக்கும்போது வாசலில் நில்லுங்கள். செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.

ஆயுத பூஜை சமயம் மைசூருவில் தசரா. ஜூவுக்குள் தலைதான் தெரியும், விலங்கு தெரியாது. இரண்டு வாரம் தள்ளி ஒரு சாதாரண வேலை நாளில் போனால் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளி போகும், அவ்வளவுதான். அம்மிச்சிக்கு உள்ளேயே கட்டண பேட்டரி கார் உண்டு.

1892இல் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் தொடங்கிய இடம் இது. எல்லாவற்றையும் பார்த்துவிட ஓடாதீர்கள். நான்கைந்து விலங்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். முதலில் கொரில்லா. போலோ என்ற ஆண் கொரில்லா பல வருடம் துணையில்லாமல் இங்கே வாழ்ந்து 2014இல் இறந்தது. கூட்டமாக வாழப் பிறந்த விலங்குக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை! 2021இல் ஜெர்மனியிலிருந்து தாபோ, டெம்பா என்ற அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்தே வந்தார்கள். ஒன்று நகர்ந்தால் மற்றது என்ன செய்கிறது என்று பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து சிங்கவால் குரங்கு. நம் வால்பாறைக் காட்டு விலங்குதான். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை. அங்கே இருக்கும் கருமந்தியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரியும் வால் நுனியில் ஒரு குஞ்சமும் இருந்தால் இதுதான். காட்டில் உச்சிக்கிளையில் நிழலாகத் தெரிவதை இங்கே விரல்நுனி வரை பார்க்கலாம். உள்ளங்கையில் எதையோ வைத்துப் பிரித்துப் பிரித்துத் தின்னும் அழகே அழகு.

கையில் எவ்வளவு ஆசையாக வைத்திருந்தாலும் தீனி மட்டும் போடாதீர்கள். ஒரு சிப்ஸ் பாக்கெட் உறை குடலை அடைத்தாலே மானின் கதை முடிந்துவிடும். சத்தம் போட்டு எழுப்புவதும் வேண்டாம். பெரும்பூனைகள் பகலில் தூங்குவது இயல்பு.

காட்டோரம் மனிதர்களோடு மோதலில் சிக்கிய புலி, சிறுத்தைகளை இந்த ஜூவின் கூர்கள்ளி மறுவாழ்வு மையம் பராமரிக்கிறது. அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை, அதுதான் சரியும்கூட. உதவ நினைத்தால் ஜூவில் தத்தெடுப்புத் திட்டம் இருக்கிறது: உங்களால் முடிந்த தொகைக்கு ஒரு பறவையின் தீனிச் செலவையாவது ஏற்கலாம். பிள்ளைகள் பெயரிலேயே கட்டுங்கள்.