ஒன்றாம் வகுப்பு டீச்சரின் ஓட்டு

அன்புள்ள ஐயா,

ஒன்பது வருடமாக பெங்களூரில் இருக்கிறேன். பொறியியல் படித்தவன். கர்நாடக மேலவையில், அதாவது சட்டமன்றத்தின் இரண்டாவது அவையில், பட்டதாரிகள் மட்டும் ஓட்டுப் போடும் தொகுதிகள் உண்டு. அந்தப் பட்டதாரிகள் தொகுதியில் பெயர் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். வெளிமாநிலத்துக்காரன் நான் ஓட்டுப் போடலாமா என்று ஒரு தயக்கம். நண்பன் ஒருவன் இந்த ஓட்டை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்கிறான். கொடுத்தால் தரம் குறைந்துவிடாதா? படித்தவர்களுக்கென்று ஓர் இடமாவது இருக்க வேண்டாமா? தமிழ்நாட்டில் மேலவை திரும்ப வருமா? மகளை முதல் நாள் ஒன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு வரும் வழியில் இதையெல்லாம் யோசித்தேன். அதனால் எழுதுகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. ஓட்டுப் போடும் முன் இவ்வளவு யோசிக்கிறவர்கள் குறைவு. ஆனால் அது தேவையில்லை. நீங்கள் அந்தத் தொகுதியில் குடியிருக்கிறீர்களா, பட்டம் வாங்கி மூன்று வருடம் ஆகிவிட்டதா என்றுதான் சட்டம் கேட்கிறது. எந்த ஊரில் பிறந்தீர்கள் என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டு மேலவை 1986இல் போனது. 2010இல் மீட்கச் சட்டம் வந்தும் அமையவில்லை. அதை இப்போது விட்டுவிடுவோம்.

‘தரம் குறைந்துவிடாதா’ என்று கேட்டிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. யாருடைய தரம்?

என் அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஆசிரியர் பயிற்சி எடுத்தவர். முப்பது வருடத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். எழுபதுகளில், மேல்சபைத் தேர்தல் வந்தால் எங்கள் தெருவுக்கு வேட்பாளர்கள் வருவார்கள். எதிர்வீட்டில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டு, யாரோ சொல்லி, எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். “டீச்சர், நீங்க ஹைஸ்கூலா?” என்று கேட்டார்கள். “இல்லீங்க, எலிமெண்டரி.” நீட்டிய நோட்டீஸ் பாதி வழியில் நின்று, திரும்பிப் பைக்குள் போனது. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் விட்ட வேலையைத் தொடர்ந்தார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த நோட்டீஸ் உள்ளே போனதை இன்னும் மறக்க முடியவில்லை.

அவர்கள் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 171ஆவது பிரிவே அப்படித்தான் சொல்கிறது. மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் கற்பிக்கும் ஆசிரியராக இருக்க வேண்டும். ‘அ’ எழுதக் கற்றுக்கொடுத்தவர் அந்தக் கணக்கில் ஆசிரியரே இல்லை. அதே அம்மாவைச் சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் உட்கார வைத்தார்கள். ஊர் விரலுக்கெல்லாம் மை வைத்தார். மை வைக்கத் தகுதி உண்டு, மேல்சபைக்கு ஓட்டுப் போட மட்டும் தகுதி இல்லை. இன்று ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களில் பட்டம் பெற்றவர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்கள் பட்டதாரிகள் தொகுதி வழியாக உள்ளே வந்துவிடலாம் என்பீர்கள். சரி, வரலாம். ஆசிரியர் என்று வர முடியாது, அதுதானே நான் சொல்வது.

படித்தவர்களுக்கென்று ஓர் இடம் என்கிறீர்கள். பிரிட்டனில் கீழவைக்கே அப்படி இடங்கள் இருந்தன. பட்டதாரிக்குக் குடியிருக்கும் தொகுதியில் ஓர் ஓட்டு, பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொன்று. ஒருவருக்கு இரண்டு ஓட்டு நியாயமில்லை என்று 1948இல் சட்டம் போட்டு அதை எடுத்தார்கள். அவர்கள் எடுத்துப்போட்டதை 1950இல் நாம் மேலவைக்குள் வைத்துக்கொண்டோம்.

அயர்லாந்தைப் பாருங்கள். அவர்கள் மேலவையில் 60 பேர். அதில் 6 பேரை இரண்டு பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகள் மட்டும் தேர்ந்தெடுத்துவந்தார்கள். மற்ற கல்வி நிறுவனங்களில் படித்தவர்களுக்கும் அந்த ஓட்டைக் கொடுக்க வழிசெய்ய, 1979இல் மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரி என்றார்கள். அப்புறம் நாற்பது வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 2023இல் உச்ச நீதிமன்றம், இரண்டு பல்கலைக்கழகங்களோடு நிறுத்தியது செல்லாது என்ற பிறகுதான் அரசு அசைந்தது. அதிலும் என்ன கிடைத்தது? மற்ற பட்டதாரிகளுக்கும் ஓட்டு. வேலியைக் கொஞ்சம் தள்ளி நட்டார்கள், அவ்வளவுதான். கல்லூரிப் பக்கமே போகாதவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார். உங்கள் நண்பர் சொல்வது இதைவிடப் பெரிய விஷயம். அவர் பக்கம்தான் நான்.

இங்கே அரசியல் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியதில்லை. அதே 171ஆவது பிரிவு, நாடாளுமன்றம் சட்டம் போட்டு வேறுவிதமாகச் சொல்லும்வரைதான் இந்தப் பங்கீடு என்கிறது. சாதாரணச் சட்டம் ஒன்று போதும். எழுபது வருடத்துக்கு மேலாக அந்தக் கதவு திறந்தே கிடக்கிறது.

படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். போன தேர்தலில் பெயர் இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பிச் சும்மா இருக்காதீர்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் இந்தப் பட்டியலைப் புதிதாகத்தான் எழுதுகிறார்கள். கர்நாடகத்தில் மொத்தம் 75 பேர், அதில் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது 7 பேரை. அதில் ஓர் இடத்துக்குப் போட்டியிடுகிறவர் உங்கள் வீட்டுக்கு வந்து நோட்டீஸ் நீட்டும்போது, வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் மகளின் டீச்சருக்கு எப்போது ஓட்டு?