பின்னை மாற்றினால் போதுமா? பழைய ஹெட்போன் கேள்வி பதில்

பழைய ஹெட்போன்களைப் புது போனிலும் ஆம்பிலும் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் "எந்தப் பின் வாங்கட்டும்?" என்பதுதான். பின், அதாவது ஜாக்கில் செருகும் முனை, கடைசி வேலை. முதலில் மல்டிமீட்டரை எடுத்து ஹெட்போனின் மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள்.

அண்ணா, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கறுப்பு பேக்கலைட் ஹெட்போன் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு காதிலும் 2000 ஓம் என்று பொறித்திருக்கிறது. போனில் பாட்டு கேட்க முடியுமா?

முடியும் தம்பி. இரண்டு காதும் வரிசையில் இருந்தால் மொத்தம் 4000 ஓம். இது கிரிஸ்டல் செட், வால்வு ரேடியோ காலத்துச் சரக்கு. ஒரு மில்லிவாட் சக்தி போக, 32 ஓம் ஹெட்போனுக்கு 0.18 வோல்ட் போதும். 4000 ஓமுக்கு 2 வோல்ட் வேண்டும். போன் டாங்கிள்கள் (ஹெட்போன் துளை இல்லாத போனின் சார்ஜர் துளையில் மாட்டும் குட்டி அடாப்டர்) பல 1 வோல்ட்டிலேயே நின்றுவிடும்.

ஆனாலும் முதலில் நேராக மாட்டிப் பாருங்கள். இந்த இரும்புத் தகடு வகை ரொம்பச் சின்ன சிக்னலுக்கே பேசும். சத்தம் போதவில்லை என்றால் பழைய பாக்கெட் டிரான்சிஸ்டரில் வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்குங்கள். 1000 ஓமுக்கு 8 ஓம் வகை. சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடினால் கிடைக்கும். அதைத் தலைகீழாகப் போட வேண்டும்: 8 ஓம் பக்கம் போனுக்கு, 1000 ஓம் பக்கம் ஹெட்போனுக்கு. 1000 ஓம் பக்கத்தின் நடுக் கம்பியை எதிலும் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். சுற்று விகிதம் சுமார் 11. போன் பின்னில் நுனி இடது சேனல், அடுத்த வளையம் வலது, உடல் இரண்டுக்கும் பொது. நுனியிலிருந்து ஒரு 33 ஓம் ரெசிஸ்டர், வளையத்திலிருந்து இன்னொரு 33 ஓம். இரண்டையும் சேர்த்து டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு முனைக்கு, பின்னின் உடலை மறு முனைக்கு. இடது வலது இரண்டும் கலந்து மோனோ ஆகிவிடும், போனின் ஆம்புக்கும் பாதுகாப்பு. ரெசிஸ்டரில் கொஞ்சம் போனாலும் வோல்ட்டேஜ் ஏழு மடங்கு வரை ஏறும். அதனால் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துவிட்டுக் காதில் மாட்டுங்கள்.

பாஸ் எதிர்பார்க்காதீர்கள். தொலைபேசியில் பாட்டு கேட்ட மாதிரிதான் இருக்கும். செய்திக்கும் பழைய பாட்டுக்கும் அது தனி அழகு.

சார், நானே ஸ்டீரியோ பின் போட்டேன். வயலின், தபேலா எல்லாம் கேட்கிறது, பாடுகிறவர் குரலை மட்டும் காணோம். பழைய மோனோ பாட்டு போட்டால் சத்தமே இல்லை. ஹெட்போன் போய்விட்டதா?

இல்லை, ஹெட்போன் நன்றாக இருக்கிறது. இரண்டு கம்பியில் ஒன்றை நுனியிலும் இன்னொன்றை வளையத்திலும் பற்றவைத்திருக்கிறீர்கள், உடல் சும்மா இருக்கிறது. அப்போது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். குரலை இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்திருப்பார்கள், அது கழிந்து பூஜ்யமாகிவிடும். மோனோ பாட்டில் எல்லாமே சமம், அதனால் முழு மௌனம்.

இரண்டு காதையும் இணைக்கும் கம்பி தெரிகிறதா? அந்த நடு இணைப்பிலிருந்து ஒரு கம்பி எடுத்துப் பின்னின் உடலுக்குக் கொடுங்கள். ஸ்டீரியோவே கிடைத்துவிடும். ஒன்று மட்டும்: இப்படிச் செய்தால் ஒரு காது எதிர்த் திசையில் அசையும், பாட்டு தலைக்குள் உட்காராமல் வெளியே இழுத்த மாதிரி இருக்கும். ஏதாவது ஒரு காதின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றிவிடுங்கள், சரியாகிவிடும்.

கம்பியில் ஈயமே ஒட்ட மாட்டேன் என்கிறது. உள்ளே நூல் மாதிரி வருகிறது. என்ன கம்பி இது?

பட்டுப்புடவை ஜரிகையைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? அதே சங்கதிதான். நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியிருப்பார்கள். ஆயிரம் முறை மடக்கினாலும் ஒடியாது, ஆனால் சூடு பட்டால் நூல் கருகிச் செம்பு பிரிந்துவிடும்.

நுனியில் ஒரு சென்டிமீட்டர் துணி உறையை நீக்குங்கள். ஒரு சாதா வயரிலிருந்து மயிரிழை அளவு செம்பு ஒன்றை உருவி, ஜரிகையின் மேல் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். கொஞ்சம் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை), சூடான சால்டரிங் அயர்ன், இரண்டே விநாடி. ஈயம் சுற்றுக்குள் இறங்கியதும் எடுத்துவிடுங்கள். அந்த இணைப்பு அசையாமல் பின்னுக்குள் நன்றாகக் கவ்விக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அங்கேதான் அறுந்துபோகும்.

ஜெர்மன் சென்ஹைசர் எச்டி 414, மஞ்சள் ஸ்பாஞ்சோடு வாங்கினேன். பின்னில் ஐந்து முள். வெட்டிவிட்டு இ.பி. பின் (3.5 மி.மீ. இயர்போன் பின்) போடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள். 1968இல் வந்த, காதை அடைக்காத திறந்த வகை ஹெட்போன்களுக்கு வழிகாட்டிய மாடல் அது. அந்தப் பின்னுக்குப் பகடைப் பின் என்றே பெயர், ஐந்து முள்ளும் பகடையின் ஐந்து புள்ளி மாதிரி நிற்கும். ஒரு பக்கமாகச் செருகினால் ஸ்பீக்கர் அணைந்துவிடும், திருப்பிச் செருகினால் ஸ்பீக்கரும் பாடும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

பகடைப் பின்னுக்குப் பெண் சாக்கெட் கிடைத்தால் அதில் ஒரு சாண் வயர் வைத்து அடாப்டர் செய்யுங்கள். முள் எண்ணை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்: ஏறக்குறைய 2000 ஓம் காட்டும் ஜோடி ஒரு காது. 4000 காட்டினால் இரண்டு காதையும் சேர்த்துத் தொட்டிருக்கிறீர்கள். 414இன் வயர் காதிலிருந்து கழன்று வருவதால், புது வயர் ஒன்று தனியாகச் செய்து பழையதைப் பத்திரப்படுத்துவதும் நல்ல வழி. பிற்பாடு 600 ஓமிலும் 414 வந்தது, அதற்கு டாங்கிளே தாராளம்.

இரண்டாம் உலகப்போர் அமெரிக்க ராணுவ எச்எஸ்-33. மோனோ பின். லேப்டாப்பில் மாட்டினால் ஏதாவது ஆகுமா?

மோனோ பின்னில் வளையம் கிடையாது. ஸ்டீரியோ ஜாக்கில் செருகினால் வலது சேனல் நேராக உடலோடு ஷார்ட் ஆகும். 33 ஓம் ரெசிஸ்டர் இரண்டு வைத்த அடாப்டர் மேலே சொன்னதுபோலவே செய்யுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லை. எச்எஸ்-33 600 ஓம்தான். அதே குடும்பத்து எச்எஸ்-23 என்றால் 8000 ஓம், அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிரிட்டிஷ் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்களின் தொலைபேசிப் பின் நம் பி-38 (6.35 மி.மீ. பெரிய பின்) அளவில் இருந்தாலும் நுனி மொட்டின் வடிவம் வேறு. ஆடிக்கொண்டே இருக்கும், அழுத்தித் திணிக்காதீர்கள்.

என்னுடையது 8 ஓம், எழுபதுகளின் பெரிய ஹெட்போன். புது டிஜிட்டல் ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் கொடுத்துவிடலாமா?

கூடாது. டிஜிட்டல் என்று விற்கும் புது கிளாஸ்-டி ஆம்புகள் பலவற்றில் கறுப்பு முனை எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. ஹெட்போனில் இரண்டு காதுக்கும் சிக்னல் திரும்பும் கம்பி பொது. சேர்த்த கணமே இரண்டு சேனலும் மோதிக்கொள்ளும். ஹெட்போன் ஜாக்கிலேயே, சேனலுக்கு ஒரு 22 ஓம் ரெசிஸ்டர் வைத்து மாட்டுங்கள்.

ஸ்டாக்ஸ் எலக்ட்ரோஸ்டாட்டிக்குக்கு வீட்டிலேயே அடாப்டர்?

வேண்டாம். இந்த ஹெட்போன்களின் உள் சவ்வுக்குப் பயாஸ் என்ற உயர் வோல்ட்டேஜ் எப்போதும் வேண்டும்: பழைய வகைக்கே 230 வோல்ட், பின்னாள் ப்ரோ வகைக்கு 580. அதற்கென்று செய்த பெட்டியை வாங்குங்கள்.

ஒற்றைக் காது கிரிஸ்டல் இயர்போன், மீட்டரில் ஒன்றுமே காட்டவில்லை. செத்துவிட்டதா?

காட்டாது. அது ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, மீட்டரின் டிசி அதற்குள் போகாது. போனில் மாட்டிக் காதில் வைத்துப் பாருங்கள், மெலிசாகக் கேட்டால் உயிர் இருக்கிறது. பழையவற்றில் ரோஷெல் உப்புப் படிகம் இருக்கும். நம் புளியில் புளிப்பு தருகிற அதே டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஈரம் பட்டால் கரையும், ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் சூடும் ஆகாது. ஒரு ஐப்பசி முழுக்க நான் ஒன்றை ஜன்னலோரம் மறந்து வைத்திருந்தேன். மூடியைத் திருகித் திறந்தபோது படிகம் இருந்த இடத்தில் பிசுபிசுவென்று ஒரு வெள்ளைக் கறை. உங்களுடையதை ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.