மீன்தொட்டி மணலைச் சுத்தம் செய்ய எந்தக் கடல் அட்டை ஏற்றது?

கடல் அட்டை என்பது நட்சத்திர மீனுக்கு உறவான, எலும்பில்லாத, மெதுவாக ஊரும் கடலுயிரி. வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு இதைத் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எப்படி உண்கிறது என்பதைத்தான்.

மணலை உண்ணும் வகை, வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கி, மணற்துகள்களில் படிந்த பாசி, பாக்டீரியா, மக்கிய எச்சம் ஆகியவற்றைச் செரித்துக்கொண்டு, மீதி மணலைச் சிறு உருளைகளாக வெளியே தள்ளுகிறது. தோட்டத்து மண்ணில் மண்புழு செய்யும் அதே வேலை. கறுப்புக் கடல் அட்டையும், அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும் வகையும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. கண்ணைக் கவரும் கடல் ஆப்பிள் என்ற கடல் அட்டை வகையும் மஞ்சள் கடல் அட்டையும் நீரில் மிதக்கும் நுண்ணுணவை வடிகட்டி உண்பவை என்பதால், மணலைத் தொடவே மாட்டா.

மணல் நுண்ணியதாகவும், தொட்டி பல மாதங்கள் ஓடி முதிர்ந்ததாகவும் இருக்க வேண்டும். புதுத் தொட்டியில் உணவு போதாமல் அது நாளுக்கு நாள் சுருங்கி இறந்துவிடும். பம்பின் உறிஞ்சுவாயைப் பஞ்சாலோ வலையாலோ மூடுவது கட்டாயம், ஏனெனில் காயப்பட்ட கடல் அட்டை வெளியிடும் நஞ்சு மீன்களைக் கொல்லக்கூடும். இந்தியாவில் 2001 முதல் கடல் அட்டைகளைப் பிடிப்பதும் விற்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாக் கரையில் கிடைத்தாலும் எடுக்கக் கூடாது.

கடல் அட்டை இருந்தால் தண்ணீர் மாற்ற வேண்டியதில்லை என்று பலர் நம்புவது தவறு: அது மணலைத்தான் தூய்மையாக்குகிறது, நீரில் கரைந்த நைட்ரேட்டை அகற்றுவதில்லை.