தாத்தா ஆல்டர்மேன் என்றால், ஓட்டுப் போட்டது யார்?

கேள்வி: எங்கள் தாத்தாவின் நூற்றாண்டு நினைவு மலர் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய 1950களின் லெட்டர்பேடு கிடைத்தது. பெயருக்குக் கீழே ‘ஆல்டர்மேன், மதராஸ் கார்ப்பரேஷன்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது. சிகாகோவில் இருக்கும் அண்ணன், “எங்கள் வார்டுக்கும் ஆல்டர்மேன் இருக்கிறார். ஜனங்கள் ஓட்டுப் போட்டு ஜெயித்து வருபவர். தாத்தாவும் அப்படித்தான் இருந்திருப்பார், வார்டு பெயரைத் தேடிப் போடு” என்கிறார். டெல்லியில் வேலை பார்க்கும் என் மகனோ, “ஆல்டர்மேன் என்றால் நியமன உறுப்பினர். மேயர் தேர்தலில் ஓட்டுப் போடக்கூட உரிமை கிடையாது. பெரிதாகப் போடாதே” என்கிறான். சித்தப்பா ‘நகரத் தந்தை’ என்றே போட்டுவிடலாம் என்கிறார். மலர் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. எதைப் போடுவது?

வாசகி, திருச்சி

பதில்: உங்கள் அண்ணன் சொல்வது சிகாகோவுக்குச் சரி. மகன் சொல்வது இன்றைய டெல்லிக்குச் சரி. 1950களின் சென்னைக்கு இரண்டுமே பொருந்தாது. சித்தப்பா சொல்வது மட்டும் எந்த ஊருக்கும் சரியில்லை. நகரத் தந்தை என்று நம்மூரில் சொல்வது மேயரை. தாத்தாவுக்கு இல்லாத பதவியைக் கொடுத்துவிடாதீர்கள். மலரைப் பார்க்கிறவர்களில் ஒருவராவது மேயர் பட்டியலை எடுத்துப் பார்த்துவிடுவார்.

அன்றைய சென்னையில் ஆல்டர்மேனுக்கு ஓட்டுப் போட்டது வார்டு ஜனங்கள் அல்ல, கவுன்சிலர்கள். வார்டுகளில் ஜெயித்து வந்த கவுன்சிலர்கள் கூடி, ஊரில் மதிப்புள்ள, விஷயம் தெரிந்த சிலரைத் தங்கள் ஓட்டால் மாமன்றத்துக்குள் கொண்டுவருவார்கள். அப்படி வந்தவருக்கு ஆல்டர்மேன் என்று பெயர். ஆகவே தாத்தா தேர்ந்தெடுக்கப்பட்டவர்தான், அரசாங்கம் நியமித்தவர் அல்ல. ஆனால் அவருக்கென்று ஒரு வார்டு இருக்காது. அண்ணன் வார்டு பெயரைத் தேடச் சொன்னால், இல்லாததைத் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலரில் போடுகிற வரியை உறவினர்களிடம் நீங்கள் நியாயப்படுத்த வேண்டியிருக்கும்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ‘மூத்த ஆள்’ என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இங்கிலாந்தில் அது தேர்தல் பதவியே அல்ல. ராஜா சார்பில் ஒரு மண்டலத்தை ஆண்டு, படை திரட்டிப் போருக்கும் போன பெரிய மனிதரின் பட்டம் அது. எசெக்ஸ் பகுதியின் ஆல்டர்மேன் பிர்த்நாத் என்பவர் 991இல் மால்டன் என்ற இடத்தில் வைக்கிங்குகளோடு சண்டையிட்டுச் செத்தார். இங்கிலாந்தை ஆண்ட டேனிஷ் அரசர் கனூட் காலத்தில் மண்டலப் பதவிக்கு ‘ஏர்ல்’ என்ற பெயர் வந்தது. பழைய சொல் கீழே இறங்கி, வணிகச் சங்கத் தலைவர்களுக்கும், அங்கிருந்து நகரச் சபைக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நம்மூர் நாட்டாண்மை, மணியக்காரர் போன்ற சொற்களும் ஒருகாலத்தில் ஒன்றைக் குறித்து, பிறகு வேறொன்றாகி, கடைசியில் வெறும் குடும்பப் பெயராக நிற்கவில்லையா, அதே கதைதான்.

லண்டன் நகரத்தில், அதாவது பழைய மதிலுக்குள் இருந்த ஒரு சதுர மைல் சொச்சத்தில், இன்றும் 25 வார்டுக்கு 25 ஆல்டர்மேன்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் அந்தந்த வார்டு வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே லார்ட் மேயர் ஆக வேண்டுமானால் முதலில் ஆல்டர்மேனாக இருக்க வேண்டும். ஒருகாலத்தில் அது ஆயுள் பதவி. விருந்துக்குப் பேர் போன கூட்டம் என்பதால் பெருத்த தொப்பையோடு அவர்களைக் கேலிச்சித்திரத்தில் போடுவார்கள். தொத்திறைச்சி மாலை போட்டுப் பரிமாறும் வான்கோழி வறுவலுக்கு ‘சங்கிலி போட்ட ஆல்டர்மேன்’ என்றே பழைய ஆங்கிலப் பேச்சில் பெயர் இருந்தது.

இந்த லண்டன் மாதிரிதான் முதலில் சென்னைக்கு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் 1687 டிசம்பர் 30 தேதியிட்டது. மறு ஆண்டு செப்டம்பர் 29 அன்று, எலிஹு யேல் கவர்னராக இருந்தபோது, மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், அவர்களுக்குக் கீழே ‘பர்ஜஸ்’ எனப்பட்ட நகரக் குடிமக்கள். முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஆங்கிலேயர்கள் மட்டும் இல்லை. வைர வியாபாரம் செய்த யூதர்களும் இருந்தார்கள், கம்பெனியோடு வணிகம் செய்த உள்ளூர் இந்துக்களும் இருந்தார்கள். லண்டனில் உட்கார்ந்து இதைத் திட்டமிட்ட கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டுக்குக் காரணம் ஒன்றுதான்: ஊர்ப் பெரியவர்களையும் உள்ளே உட்காரவைத்தால் ஜனங்கள் வரியை முணுமுணுக்காமல் கட்டுவார்கள். (கட்டவில்லை என்பது வேறு கதை.) தொடக்க நாள் ஊர்வலத்துக்கு ஆல்டர்மேன்கள் சிவப்புக் கம்பளித் துணியில் அங்கி போட்டுக்கொண்டு வந்தார்கள். செப்டம்பர் மாதம், கோட்டைக்கு வெளியே மதராஸ் வெயில். நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.

அந்த ஆல்டர்மேன்கள் மக்கள் பிரதிநிதிகள் என்பதைவிட நீதிபதிகள் என்பதே பொருத்தம். மேயரும் ஆல்டர்மேன்களும் உட்கார்ந்தால் அதுதான் மேயர் நீதிமன்றம். வழக்கு விசாரிப்பார்கள், தண்டனை கொடுப்பார்கள். 1726இல் வந்த புதிய சாசனத்தில் ஆல்டர்மேன்களின் எண்ணிக்கை ஒன்பதாகக் குறைந்தது, அதில் ஏழு பேர் பிரிட்டிஷ் பிறப்பாக இருக்க வேண்டும் என்றும் ஆனது. 1798இல் ரெக்கார்டர் என்ற நீதிபதியின் தலைமையில் புது நீதிமன்றம் வந்து அந்தப் பழைய நீதிமன்றம் முடிந்தது. இதை ஏன் நீட்டிச் சொல்கிறேன் என்றால், பழைய ஆவணம் கொண்டுவருகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 18ஆம் நூற்றாண்டுச் சென்னைக் காகிதத்தில் ஆல்டர்மேன் என்று பார்த்ததும் ‘கவுன்சிலர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அப்புறம் ஒரு கவுன்சிலர் எப்படி ஒருவனைச் சிறைக்கு அனுப்பினார் என்று புரியாமல் விழிக்கிறார்கள்.

உங்கள் தாத்தாவின் பதவி இந்தப் பரம்பரை அல்ல. அதன் மூலம் 1835இல் இங்கிலாந்தில் வந்த மாநகராட்சிச் சட்டம். லண்டன் நகரத்தைத் தொடாத அந்தச் சட்டம், மற்ற நகரங்களுக்கு ஒரு புது ஏற்பாடு செய்தது. கவுன்சிலர்களை மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், மூன்றாண்டு பதவி. கவுன்சிலர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு ஆல்டர்மேன்களைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள், ஆறாண்டு பதவி. தேர்தலுக்குத் தேர்தல் எல்லாம் தலைகீழாகாமல் அனுபவசாலிகள் சிலர் சபையில் நிலைத்திருக்கட்டும் என்பது நோக்கம். நடந்தது எப்போதும் அப்படி இல்லை. வார்டில் தோற்றவரைக்கூடக் கொல்லைப்புற வழியாகச் சபைக்குள் கொண்டுவர முடிந்தது. என்னைக் கேட்டால், இந்த ஏற்பாடு நல்லவர்கள் கையில் நல்லது, கட்சிக்காரர்கள் கையில் கெட்டது. இங்கிலாந்துக்காரர்களே 1972இல் சட்டம் போட்டு, 1974இல் பெரும்பாலான இடங்களில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அங்கே நீண்ட காலம் சேவை செய்த முன்னாள் உறுப்பினருக்கு ‘கௌரவ ஆல்டர்மேன்’ பட்டம் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

அந்த 1835 அச்சில் வார்த்ததுதான் நம் நாட்டு மாநகராட்சிகளின் ஆல்டர்மேன் பதவி. கல்கத்தாவில் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த ஐந்து ஆல்டர்மேன்கள் இருந்தார்கள். டெல்லி மாநகராட்சியின் 1957ஆம் ஆண்டுச் சட்டமும் முதலில் அப்படித்தான் இருந்தது.

இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அவன் பார்க்கும் டெல்லி ஆல்டர்மேன் வேறு ஆள். 1993இல் சட்டத்தைத் திருத்தியதும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பது போய்விட்டது. நகராட்சி நிர்வாகத்தில் தனி அறிவோ அனுபவமோ உள்ள 10 பேரைத் துணைநிலை ஆளுநர் நியமிக்கும் முறை வந்தது. ஆள் வரும் வழி மாறியது, பழைய பெயர் மட்டும் பேச்சில் ஒட்டிக்கொண்டது. நியமன உறுப்பினர்களுக்கு மாநகராட்சிக் கூட்டத்தில் ஓட்டு இல்லை என்று அரசமைப்புச் சட்டத்தின் 243ஆர் பிரிவு சொல்கிறது. இருந்தும் 2023 ஜனவரியில் மேயர் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போடலாமா என்று டெல்லியில் பெரிய ரகளை நடந்தது. பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் கூடாது என்றது, அதற்குப் பிறகுதான் தேர்தல் நடந்து ஷெல்லி ஓபராய் மேயரானார். நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற வழக்கு தனியாக ஓடி, அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமலே துணைநிலை ஆளுநர் நியமிக்கலாம் என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பானது. ஆகவே மகன் செய்தியில் படித்தது உண்மை. அதை எழுபது வருஷம் பின்னால் கொண்டுபோய்த் தாத்தா மேல் ஒட்டுவதுதான் தவறு.

சிகாகோ அண்ணனுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே 50 வார்டு, வார்டுக்கு ஒருவர், நான்காண்டு பதவி, நேரடி மக்கள் ஓட்டு. நம் கணக்கில் அவர் கவுன்சிலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மரக்கிளையை வெட்டவில்லை என்றாலும் அவர் அலுவலகத்துக்குத்தான் போன் போடுவார்கள். ‘மேன்’ என்பது ஆணை மட்டும் குறிக்கிறது என்று இல்லினாய் மாநிலம் 2021இல் சட்டத்தில் சொல்லையே ‘ஆல்டர்பர்சன்’ என்று மாற்றியது. கனடாவின் கால்கரி நகரம் 2013இல் ‘கவுன்சிலர்’ என்று மாற்றிக்கொண்டது. டர்பன் பக்கம் சொந்தக்காரர்கள் யாராவது இருந்து அவர்களும் கருத்துச் சொல்ல வந்தால், தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் கவுன்சிலராக இருந்தவருக்குக் கொடுக்கும் மரியாதைப் பட்டம் அது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆல்டர்மேன் என்பது தனி நாற்காலியே அல்ல.

சரி, மலரில் என்ன போடுவது? தமிழில் ஒரே சொல்லாக மொழிபெயர்க்க முயல வேண்டாம். ‘மூப்பர்’ என்பது சொல்லின் வேருக்கு அச்சாகப் பொருந்தும். ஆனால் படிக்கிறவர்களுக்குச் சர்ச் மூப்பரோ ஒரு சாதிப் பட்டமோதான் நினைவுக்கு வரும். ‘கவுன்சிலர்’ என்றால் வார்டு எது என்று கேட்பார்கள். ‘நியமன உறுப்பினர்’ என்றால் தாத்தா தேர்தலில் வாங்கிய ஓட்டுகளை நீங்களே அழித்ததாகிவிடும். ‘ஆல்டர்மேன்’ என்றே போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘கவுன்சிலர்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்ற உறுப்பினர்’ என்று விளக்கம் கொடுங்கள். இளையவர்களுக்கு விளக்கம் கட்டாயம் தேவை. சென்னையின் மாமன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. இடையில் 23 ஆண்டு கவுன்சிலரே இல்லாத ஊரில் ஆல்டர்மேனை யார் நினைவு வைத்திருப்பார்கள்?

அச்சுக்குப் போகுமுன் ஆண்டை மட்டும் உறுதிசெய்துவிடுங்கள். லெட்டர்பேடு அச்சடித்த ஆண்டு பதவிக்கு வந்த ஆண்டு ஆகாது. பதவி போன பிறகும் பழைய தாளைத் தீர்த்தவர்கள் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசிதழையும், கிடைத்தால் மாமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும் கேட்டுப் பாருங்கள். தாத்தாவின் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். முன்னெழுத்து மாறிக் கிடப்பது அந்தக் கால அச்சில் சகஜம். ஆண்டு கிடைக்காவிட்டால் ‘1950களில்’ என்று மட்டும் போடுங்கள், தோராயமாக ஒரு வருஷத்தைப் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தோடு அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ‘ஆல்டர்மென்’ என்று அடித்திருக்கிறார்கள். அது பன்மை. தாத்தா ஒருவர்தானே, ‘மேன்’ என்று திருத்தச் சொல்லுங்கள்.