பாடில் போர்டுக்கு பைபர் போதுமா, கார்பன் வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்தரை அடிப் பாடில் போர்ட் (நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை) ஒன்று பழையதாக வாங்கினேன். உள்ளே ரிஜிபோம், வெளியே பைபர். குதிகால் பட்டுப் பட்டு, நிற்கும் இடத்தில் குழி விழுந்துவிட்டது. நடுவிலும் வளைவதுபோல இருக்கிறது. முழுப் பலகையையும் கார்பன் துணியால் போர்த்திவிட நினைக்கிறேன். தோணிக்கு பைபர் அடிக்கும் மாமா றெசின் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?
– வாசகர், கல்லடி

பதில்: மாமாவை வேலைக்குக் கூப்பிடுங்கள் தம்பி, றெசினை மட்டும் அவரிடம் வாங்க வேண்டாம். தோணிக்கு அடிப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் றெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் ரிஜிபோமைக் கரைத்துவிடும். சந்தேகமிருந்தால் உடைந்த மீன் பெட்டித் துண்டொன்றில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், கண்ணெதிரே குழி விழுந்துகொண்டே கீழே இறங்கும். பலகையின் மேலோடு முழுதாக இருக்கும்வரை தப்பலாம். எங்கோ ஒரு மயிரளவு வெடிப்பு இருந்தால் அதன் வழியாக உள்ளே போய்ப் பொந்தாக்கிவிடும், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. ஆகவே ரிஜிபோமைக் கரைக்காத எபொக்சி என்ற றெசின்தான். பழைய பலகைகள் சிலவற்றின் உள்ளே ரிஜிபோமுக்குப் பதில் பொலியூரித்தேன் நுரை இருக்கும், அதற்கும் எபொக்சி ஒத்துப்போகும். அதனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பலகைக்கும் இதே விடைதான்.

மாமாவிடமிருக்கும் 'மட்' விரிப்பும் வேண்டாம், நெய்யாமல் நார்த் துண்டுகளை ஒட்டிச் செய்தது அது. அது றெசினை நிறையக் குடித்துப் பாரமாகும். அதோடு அந்த நார்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்தது, எபொக்சியில் அது சரியாக இளகுவதில்லை. நெய்த பைபர் துணி வாங்குங்கள், 4 அவுன்ஸ் அல்லது 6 அவுன்ஸ். 6 அவுன்ஸ் துணி என்றால் சதுர மீற்றருக்குச் சுமார் 200 கிராம்.

சரி, முழுப் பலகைக்கும் கார்பன் என்ற எண்ணத்துக்கு வருவோம். மேலும் கீழுமாக நாலு சதுர மீற்றருக்கு மேல் வரும். 200 கிராம் துணி, அதே அளவு எபொக்சி, அதற்கு மேல் ஒரு பூச்சு என்று கணக்குப் போட்டால் 2 கிலோ தாண்டிவிடும். தண்ணீரில் அது பெரிதாகத் தெரியாது, தோளில் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்து வாவிக்கரைக்கு நடக்கும்போது தெரியும். காசையும் யோசியுங்கள். கார்பனின் கெட்டித்தன்மை பைபரைப்போல மூன்று மடங்கு என்பது உண்மைதான், ஆனால் உங்களுக்கு இருப்பது இரண்டு வேறு பிரச்சினைகள். குதிகால் குழிக்குத் தேவை அடியைத் தாங்கிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் ஓடு, அதற்கு பைபரே நல்லது. கார்பன் விட்டுக்கொடுக்காது, எல்லை தாண்டினால் படக்கென்று முறியும்.

வளைவுக்கு மட்டும் கார்பன் போடுங்கள். நீங்கள் நடுவில் நிற்க, இரண்டு முனைகளையும் தண்ணீர் மேலே தள்ளுகிறது. மேற்பக்கம் நெருக்கப்படும், அடிப்பக்கம் இழுபடும். அதனால் மேலும் கீழும் நடுக்கோட்டில் ஒரு சாண் அகலப் பட்டி நீளவாக்கில் போதும். அதன் நுனிகளை ஒரே கோட்டில் நேராக வெட்டி நிறுத்தாமல் கூராக்கி விடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கோட்டிலேயே பலகை மடங்கும்.

குழியைத் தட்டிப் பாருங்கள். டொக் டொக்கென்று கெட்டியாகக் கேட்டால், எபொக்சியில் மைக்ரோ பலூன் மாவை (உள்ளே வெறுமையான நுண்ணிய உருண்டைகளாலான பாரமற்ற மா) குழைத்து நிரப்பி, 80 நம்பர் அரத்தாளால் பளபளப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்து, மேலே இரண்டு துண்டு 6 அவுன்ஸ் துணி போடுங்கள், ஒன்று மற்றதைவிட இரண்டு விரற்கடை பெரிதாக. பொதபொதவென்று கேட்டால் ஓடு நுரையை விட்டுக் கழன்றுவிட்டது. அந்த இடத்தை வெட்டியெடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும்.

துணி போடும்போது ஐஸ்கிரீம் டப்பா மூடியை நேராக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள், றெசினை இழுத்துவிட அதுவே போதும். பைபர் துணி றெசினைக் குடித்ததும் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோலத் தெளியும், காய்ந்த இடம் எங்கே என்று பளிச்சென்று தெரியும். கார்பனில் அந்த வசதி இல்லை, முதலிலும் கறுப்பு, பிறகும் கறுப்பு. அதனால் பலகையில் முதலில் றெசினைப் பூசிவிட்டு, அதன்மேல் கார்பனை விரித்து, கீழிருந்து றெசின் ஊறி மேலே வருவதைப் பார்த்துப் பார்த்து இழுக்க வேண்டும். கார்பனுக்கு மேல் மெல்லிய 4 அவுன்ஸ் பைபர் ஒன்று கட்டாயம் போடுங்கள். பிறகு தேய்க்கும்போது கார்பன் நார் அறுபடாது.

கேள்வி: எபொக்சி அடித்து இரண்டு நாளாகியும் கை வைத்தால் ஒட்டுகிறது. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னர் (றெசினை இறுக்கும் திரவம்) கொஞ்சம் கூடுதலாகத்தான் விட்டேன். மேலெல்லாம் குமிழும் வந்துவிட்டது.
– வாசகர், கல்முனை

பதில்: அந்தக் கூடுதல்தான் காரணம். பொலியெஸ்டரில் ஹார்ட்னர் 1 முதல் 2 சதவீதம்தான், அங்கே கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம். எபொக்சியில் றெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று கணக்காகச் சேர்ந்துதான் இறுகும், மிஞ்சியது எதுவானாலும் உள்ளேயே பிசினாக நின்றுவிடும். போத்தலில் 2:1 என்று போட்டிருந்தால் அது கொள்ளளவா நிறையா என்று பார்த்து, கொள்ளளவென்றால் அளவுக் கோப்பையிலும் நிறையென்றால் டிஜிட்டல் தராசிலும் அளந்து ஊற்றுங்கள். இப்போது ஒட்டுவதை வழித்தெடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் உள்ளே கல்லாக இறுகி, மேலே மட்டும் மெழுகு பூசியதுபோல வழுவழுப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஈரப்பதனால் வருவது அது. தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும். கழுவாமல் அரத்தாள் பிடித்தால் அந்த மெழுகைப் பலகை முழுக்கப் பூசியதாகிவிடும்.

குமிழுக்குக் காரணம் நேரம். காலையில் வெயில் ஏற ஏற நுரைக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஈர றெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். பலகை நிழலில் சூடாக இருந்து, பொழுது சாய்ந்து வெப்பம் இறங்கத் தொடங்கும்போது அடியுங்கள், அப்போது காற்று உள்ளே சுருங்கி றெசினையும் கூடவே இழுத்துப் பிடிக்கும். மாரி மழையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கச்சான் வீசும் மாதங்களில் காற்று காய்ந்திருக்கும், ஆனால் கலந்த எபொக்சி சீக்கிரம் இறுகும். 10 பாகை கூடினால் கையிலிருக்கும் நேரம் பாதியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் குவியலாக விட்டால் தன் சூட்டிலேயே புகைந்துவிடும், கலந்தவுடன் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்புங்கள்.

கேள்வி: அறுகம்பையில் வெயிலில் கிடந்த என் கறுப்புக் கார்பன் பலகை நடுவில் கொப்புளம்போல எழும்பி நிற்கிறது. எப்படி அடக்குவது?
– வாசகர், பொத்துவில்

பதில்: கறுப்பு வெயிலை இழுத்துக்கொள்ள, உள்ளே காற்று விரிந்து மேலோட்டை நுரையிலிருந்து பிரித்திருக்கிறது. பலகையின் மேற்பக்கம் சின்னக் காற்றுத் திருகு ஒன்று இருக்கிறதா பாருங்கள். தானாக மூச்சுவிடும் வகையென்றால் கை வைக்க வேண்டாம், கையால் திருகும் வகையென்றால் கரையில் திறந்தும் தண்ணீரில் இறங்குமுன் மூடியும் வைக்க வேண்டும். கொப்புளம் கையகலத்துக்குள் இருந்தால் இரண்டு ஓரத்திலும் சின்ன ஓட்டை போட்டு, ஒன்றின் வழியாக ஊசியால் எபொக்சியை ஏற்றி, மற்றதில் வழியும்வரை நிரப்பி, பொலித்தீன் விரித்து மேலே மண் மூட்டையை வையுங்கள். அதைவிடப் பெரிதென்றால் வெட்டித்தான் ஆக வேண்டும். வேலை முடிந்ததும் கார்பன் தெரியும் இடத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துவிடுங்கள். அழகு போகிறதே என்று சொல்வீர்கள், நம்மூர் வெயிலுக்கு வெள்ளைதான் சரி.

கேள்வி: காற்றடிக்கும் பலகைக்கு பைபர் போட்டுக் கெட்டியாக்கலாமா?
– வாசகர், காத்தான்குடி

பதில்: முடியாது. அது வளையும் பீவிசி, எபொக்சி இறுகினால் வளையாது. முதல் முறை காற்றை இறக்கிச் சுருட்டும்போதே உரிந்து வரும். பலகையில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று முழுதாக அடித்துப் பாருங்கள், தொய்வுக்குப் பாதிக் காரணம் அதுதான். ஓட்டை இருந்தால் பீவிசித் துண்டும் பீவிசிப் பசையும்.

கேள்வி: மகன் வீட்டு விறாந்தையில் வைத்து இந்த பைபர் வேலை செய்கிறான். பேரப்பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– வாசகி, வாழைச்சேனை

பதில்: அம்மா, விறாந்தையில் வேண்டவே வேண்டாம், வளவின் மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள், காற்று வீட்டுக்குள் அடிக்காத பக்கமாக. தேய்க்கும் தூசுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்த்தால் பறக்காது. மகன் தூசு வடிகட்டும் நல்ல முகமூடி போட வேண்டும், துணி முகமூடி காணாது. எபொக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் ஒவ்வாமை வரும், வந்தால் திரும்பப் போகாது, பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் தடிக்கும். அதனால் நைட்றைல் கையுறை. கையில் பட்டதைத் தின்னரால் துடைக்க வேண்டாம், அது எபொக்சியைத் தோலுக்குள் கொண்டுபோகும். துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காமல் குளித்துவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள், அந்த உடுப்பைப் பிள்ளையின் துணிகளோடு ஊறப்போடவும் வேண்டாம்.