இருவரையும் பேச வைக்கலாமா?

கேள்வி: பள்ளியில் படித்தபோது மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு கல்வியாண்டு வெளிநாட்டில் இருந்தேன். எங்கள் பேட்ச்சில் ஓர் உக்ரைன் பெண், ஒரு ரஷ்யப் பையன். மூவரும் நெருங்கிய நண்பர்கள். போர் தொடங்கியதும் அவள் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாள். அவன் வாயே திறப்பதில்லை. முன்னாள் மாணவர்கள் எல்லோரையும் ஜூமில் கூட்டி, இவர்கள் இருவரையும் பேச வைக்கலாம் என்றேன். மற்றவர்கள் வேண்டாம் என்கிறார்கள். போர்க்காலத்தில்தானே பேச்சு அவசியம்?
– ஒரு வாசகி

பதில்: மற்றவர்கள் சொல்வதுதான் சரி. இப்போது அந்தக் கூட்டம் வேண்டாம்.

பகைமை உள்ள இரு தரப்பினரைச் சந்திக்க வைத்தாலே மனம் மாறிவிடாது என்று கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954லேயே எழுதினார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்க வேண்டும் என்றார். நீங்கள் படித்த வருடம் அப்படித்தான் இருந்தது: ஒரே வகுப்பு, ஒரே மாதிரி வீட்டு ஏக்கம். 2022 பிப்ரவரி 24க்குப் பிறகு அந்தச் சமநிலை எங்கே? அவள் நாட்டின் மீது அவன் நாடு படையெடுத்திருக்கிறது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, "உன் பக்கத்தைச் சொல்" என்று அவளிடம் கேட்பதே அவளுக்கு ஒரு தண்டனை.

அவன் பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். 2022 மார்ச்சில் ரஷ்யா கொண்டுவந்த சட்டப்படி, ராணுவத்தைப் பற்றி 'பொய்த் தகவல்' பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை. எது பொய் என்பதை அரசே முடிவு செய்யும். யாரோ எடுக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். அவன் வெளிநாட்டில் இருந்தாலும் பெற்றோர் அங்கே இருக்கலாம். அவன் மௌனம் சம்மதமா, பயமா, வெட்கமா? உங்களுக்குத் தெரியாது. குழுவில் வைத்துக் கேட்டால் ஒருநாளும் தெரியவும் போவதில்லை.

சரி, என்னதான் செய்வது? முதலில் அவளுக்குத் தனியாக எழுதுங்கள். பதில் போடத் தேவையில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று பொதுவாகக் கேட்டால், யோசித்துச் சொல்லும் வேலையும் அவள் தலையில் விழும். "இதைச் செய்து தரட்டுமா?" என்று கேளுங்கள். உங்களால் முடிந்தது நிறைய இருக்கிறது. தெரியாத ஊரில், பாதி புரிகிற மொழியில் பாடம் கேட்டு, யாரோ ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்கள் பேட்ச்சுக்கு நன்றாகத் தெரியும். ஐரோப்பிய நாடுகளுக்குத் தப்பிச் சென்ற உக்ரைன் பிள்ளைகளின் நிலை அதைவிட மோசம், அவர்கள் விரும்பிப் போகவில்லை. அவர்களுக்குக் கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகைக் கட்டுரை எழுத உதவலாம். வாரம் ஒரு மணி நேரம் ஆன்லைனில் ஆங்கிலம் பேசிப் பழக்கலாம். இதற்கென்றே தன்னார்வ அமைப்புகள் இருக்கின்றன. இரண்டு வாரம் செய்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் மட்டும் தொடங்காதீர்கள்.

ஏஎஃப்எஸ் என்ற பரிமாற்ற அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் உலகப் போரின்போது, 1915ல், பிரான்சில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்க ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள்தான் அதன் தொடக்கம். இரண்டாம் போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது போர் முடிந்த பிறகு, 1947ல். காயம்பட்டவரைச் சுமந்த பிறகுதான் நட்புறவைப் பற்றிப் பேசினார்கள்.

அந்தப் பையனை ஒதுக்கிவிடாதீர்கள். போரைப் பற்றிக் கேட்காமல் நலம் விசாரித்து எழுதுங்கள். எதைப் பேசுவது, எந்தச் செயலியில் பேசுவது என்பதை அவனே முடிவு செய்யட்டும். அவன் படையெடுப்பை நியாயப்படுத்திப் பேசினால், உங்களுக்குச் சரியென்று பட்டதை நேராகச் சொல்லுங்கள். நடுநிலை காட்டுகிறேன் என்று மழுப்ப வேண்டாம்.

அப்புறம், என்றைக்காவது இருவருமே தனித்தனியாக "பேச வேண்டும்" என்று உங்களிடம் சொன்னால், எண்ணைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளுங்கள். நடுவில் நீங்கள் உட்கார வேண்டியதில்லை.